மரவள்ளித் தோட்டத்துத் துப்பாக்கி

துப்பாக்கி வைத்திருந்தால் தலை போகும் என்று ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் அறிவித்தும், பொன்னுதுரை தன் பன்றி வேட்டைத் துப்பாக்கியை ஒப்படைக்கவில்லை. பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் திடலில் தங்கி வேலை செய்யப் போகுமுன், காஜா பேராங்கில் இருந்த தன் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளித் தோட்டத்தில் அதைப் புதைத்தார். மனைவி கமலவேணியிடம் மட்டும் சொன்னார். பெரிய புத்திசாலி! ஊரே பசியில் மரவள்ளியைத் தோண்டித் தின்கிற காலத்தில், புதைக்க வேறு இடமா கிடைக்கவில்லை?

மறுநாளே கமலவேணி அதை எடுத்து, அவர் துடைக்கும்போது கழற்றுவது போலவே கழற்றிவிட்டாள். எங்கே வைத்தாள்? பக்கத்து வீட்டுக்காரியான எனக்கே சொல்லவில்லை. கேட்டால் சிரிப்பாள்.

ஒரு காலையில் சிப்பாய்கள் வந்து வீட்டைக் குடைந்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. தோட்டத்துக் கிழங்கையெல்லாம் பிடுங்கி, அவித்துத் தரச் சொல்லி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒத்தாசைக்குப் போன நான் அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய ஊதாங்குழல் வழக்கத்தைவிட ரொம்ப நீளம். சட்டென்று சிப்பாய்களுக்கும் அதற்கும் நடுவே போய் நின்றுகொண்டேன். அவள் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தாள்.

மாதங்கள் கழித்துத் திரும்பிய பொன்னுதுரை, தோட்டத்தைக் கொத்திப் பார்த்துவிட்டு வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"துப்பாக்கியைக் காணோம், வேணி!"

அவள் குழலை வாயிலிருந்து எடுத்தாள்.

"துப்பாக்கிக் கட்டையை எரிச்சுத்தான் அவனுங்களுக்குக் கிழங்கு அவிச்சேன். குழல் வேணும்னா இருங்க, கஞ்சி கொதிக்கட்டும்."