வடை சுடாத ஆண்டுக்கூட்டம்

என் பெற்றோர் இருவரும் உறுப்பினர்களாக இருந்த அந்தச் சிறிய தமிழ்ச் சங்கத்தில் பெண்களுக்கும் ஓட்டு உண்டு. ஆனால் ஆண்டுக்கூட்டத்தில் தேர்தல் வருகிற நேரம் பார்த்து மகளிர் பிரிவு மொத்தமும் பின்னால் சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருக்கும். வடை சூடாக வர வேண்டும் என்பதில் எங்கள் ஆண்கள் அவ்வளவு கறார். தட்டுகளோடு பெண்கள் வெளியே வரும்போது பழைய தலைவரே புதிய தலைவராகி, மாலையோடு உட்கார்ந்திருப்பார்.

அந்தத் தலைவர் மாமா அப்பாவோடு ராணுவத்தில் தேசிய சேவை செய்தவர், உயிர் நண்பர். அவரை எதிர்த்து நிற்கப்போவதாக அம்மா சொன்ன அன்று, குழம்பில் உப்பு இல்லை என்றார் அப்பா. உப்பு சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அம்மாவின் தோழிகள் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டில் கூடினார்கள். வீட்டு வேலையை ஆண்களும் செய்ய வேண்டும், சங்கத்தைப் பெண்களும் நடத்த வேண்டும் என்று பேசுவார்கள். பிஸ்கட்டுக்காக நானும் ஒரு கூட்டம் விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆண்டுக்கூட்டத்தன்று ஃபேரர் பார்க் கடையிலிருந்து வடை பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. பெண்கள் முன்வரிசைகளில் போய் அமர்ந்துகொண்டார்கள். சமையலறையில் ஈ, காக்கை இல்லை.

"கடை வடையா?" தலைவர் மாமா ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். "ஆறிப்போச்சு லா!"

"பரவாயில்லண்ணே, நீங்க ஓட்டெடுப்ப ஆரம்பிங்க," என்றார் அம்மாவின் தோழி.

அம்மா திரும்பித் திரும்பி அப்பாவையே பார்த்தார். தலைவர் மாமாவின் கண்ணும் அங்கேதான் இருந்தது. கை தூக்கச் சொன்னதும் அப்பா விருட்டென்று எழுந்தார்.

"டீ பொங்கிடும்," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் ஓடினார்.

நானும் பின்னால் ஓடினேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அப்பா டீத்தூளைத் தேடிக்கொண்டிருந்தார். கூடத்தில் கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் கலங்கல் தண்ணீர் போன்ற டீயோடு வெளியே வந்தார். அம்மா ஜெயித்திருந்தார். தோழிகள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ம்மா, நீங்க சொன்னீங்கல்ல, ஆம்பளைங்களும் வேலை செய்யணும்னு? இன்னைக்கு அப்பா ஒருத்தர்தான் செஞ்சாரு!"

அப்பா செருமினார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு நல்ல காரியம் செய்த மனிதரை அம்மா ஏன் அதற்குப் பிறகு அன்று முழுக்க ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.