தெற்கு ஜன்னல்

உமாபதிக்கு அந்தத் தீவைக் கண்டாலே ஆகாது. ஒரு தடவைகூடக் கண்டதில்லை என்பது வேறு விஷயம். 1962-இல் தென்காசியிலிருந்து ஹாம்பர்க்குக்குப் புறப்பட்டபோது, பருவமழையை ஆராய்ந்து பேர் வாங்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவர் அவர். பேராசிரியரோ அவர் தலையில் கட்டியது, தென் துருவத்துக்குக் கொஞ்சம் இப்பால் ஆளே இல்லாமல் கிடந்த ஒரு துக்கடாத் தீவை. அதன் தட்பவெப்பத்தை எழுதச் சொன்னார்.

ஆடு மேய்க்கக்கூட லாயக்கில்லாத இடம் என்று உமாபதி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அணைந்துபோன ஓர் எரிமலை, அதிலும் பாதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தில் சதுப்பும் பாசியும் முரட்டுப் புல்லும். மருந்துக்குக்கூட ஒரு மரம் கிடையாது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஐந்தாறு டிகிரிதான் வித்தியாசம். வருஷம் முழுக்க நசநசவென்று ஈரம், மேற்கிலிருந்து ஓயாத காற்று. எப்போதோ கப்பலில் போய் இறங்கியவர்கள் எடுத்துவந்த அளவுகளைக் கூட்டிக் கழித்தே அவர் டாக்டர் பட்டம் வாங்கினார், உத்தியோகமும் வாங்கினார். சோறு போட்ட தீவை இவ்வளவு கேவலமாகப் பேசும் மனிதரை அவர் மனைவி சியாமளா வேறெங்கும் பார்த்ததில்லை.

சியாமளா சென்னையில் தாவரவியல் எம்.எஸ்ஸி. முடித்து, பாசிகளைப் பற்றிய ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு, 1966-இல் கல்யாணமாகி வந்தவள். ஹாம்பர்க்கில் ஒரு தாவரவியல் ஆய்வுக்கூடத்தை நடத்திய ஜெர்மன் அம்மாள் அவளை இரண்டு முறை வேலைக்குக் கூப்பிட்டாள். இரண்டு முறையும் உமாபதி சிரித்தார். ஒரு வீட்டுக்கு ஒரு விஞ்ஞானி போதும் என்றார். ஈரச் சுவரில் முளைப்பதற்கெல்லாம் பேர் வைத்து என்ன கிழிக்கப் போகிறாய் என்றும் கேட்டார். சண்டை போட்டு அலுத்துப்போய், அவருடைய கட்டுரைகளை டைப் அடித்துக்கொண்டு அவள் காலத்தைத் தள்ளினாள். மனிதர் மூளையில் கெட்டிக்காரர், மற்றபடி வெறும் ஜம்பம் என்பது அவள் முடிவு.

1973-இல் அந்தத் தீவில் நாலு பேரை ஒரு வருஷம் தங்கவைக்க உமாபதி வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையம் ஏற்பாடு செய்தது. அவர் பெயர்தான் முதலில் இருந்தது. வாய் தீவை வைதாலும், போய்வந்தால் துறைத் தலைமை தனக்குத்தான் என்று உள்ளுக்குள் ஆசை. சியாமளாவுக்கு அதைவிடப் பெரிய ஆசை. அவர் கப்பலேறிய மறுநாளே அவள் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்துவிடுவாள். ஒரு வருஷம் வேலை பார்த்தவளைத் திரும்பி வந்து யார் நிறுத்த முடியும்? அந்த அம்மாளிடம் வாக்கும் கொடுத்துவிட்டாள். புருஷனுக்காக இவ்வளவு ஆசையாக அவள் கம்பளிச் சட்டை பின்னியது அதுவே முதல் முறை.

தங்கும் குடிசைக்கு ஒரு வரைபடம் தரச் சொல்லி உமாபதியைக் கேட்டிருந்தார்கள். இதெல்லாம் கொத்தனார் வேலை என்று அலட்சியமாக அரை மணியில் வரைந்து தள்ளினார். அதோடு வைக்கும் குறிப்பை டைப் அடிக்க எடுத்த சியாமளா படத்தையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். தென்காசி வீடு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. அடுப்பு அக்னி மூலையில். வடக்கே வாடைக்கு அடைத்த முழுச் சுவர். தெற்கே தென்றலுக்கு இரண்டு பெரிய ஜன்னல்.

"என்னங்க, அங்க தெற்க இருக்கிறது துருவம். அந்தக் காத்துல பனிதான் வரும். வெயிலும் வடக்க இருந்துதான் விழும். ஜன்னல மாத்திப் போடுங்க" என்றாள்.

உமாபதியின் பேனா நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது, அவர் காது மடல் சிவந்ததை அவள் பார்த்தாள். ஆனால் சொன்னது பெண்டாட்டி ஆயிற்றே.

"டைப் அடிக்கக் குடுத்தா டைப் அடி. பாசி பொறுக்கினவ எனக்குத் திசை சொல்ல வேண்டாம்" என்றார்.

தானே திருத்திவிடலாமா என்று அவள் நினைத்தாள். ஆனால் அது அவர் கைப்பட வரைந்த படம். அதற்குப் பிறகும் இரண்டு தடவை கெஞ்சினாள். கெஞ்சக் கெஞ்ச அவருக்கு அந்த ஜன்னல்கள் மேலும் பிடித்துப்போயின.

தேர்வுக் குழுக் கூட்டத்தன்று மாலை, அதே நிலையத்தில் வேலை பார்த்த நடேசன் போன் செய்தார். படத்தைப் பார்த்துக் குழு முழுக்கச் சிரித்ததாம். உமாபதி தன் தவறை ஒப்புக்கொள்ளாமல், தெற்கு ஜன்னல்தான் சரி என்று கால் மணி நேரம் வாதாடினாராம். பத்து வருஷமாக எழுதியும் இவர் அந்தத் தீவில் மனசாலும் ஒரு நிமிஷம் நின்றதில்லை என்று சொல்லித் தலைவர் அவர் பெயரை அடித்துவிட்டாராம்.

சியாமளா போனை வைத்தாள். அழுகை வந்தது, அதைவிட அருவருப்பு அதிகமாக வந்தது. ஏழு வருஷம் இந்த மனுஷனுக்கா பயந்தோம் என்று நினைத்தபோது, அவருக்குக் கொடுத்ததில் பாதி ஏளனத்தைத் தனக்கும் வைத்துக்கொண்டாள்.

உமாபதி வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்தப் பொட்டல்ல போய் எவன் ஒரு வருஷம் கிடப்பான்?" என்றார்.

"சரி. நீங்க போகாட்டி இருங்க. திங்கக்கிழமையிலேருந்து நான் போறேன்."

அவர் திகைத்துப்போய், "எங்க, தீவுக்கா?" என்றார்.

"ஆய்வுக்கூடத்துக்கு. தீவுலதான் ஏழு வருஷம் இருந்துட்டேனே" என்றாள் சியாமளா.

பின்னி முடித்த கம்பளிச் சட்டையை எடுத்துத் தன் மேல் வைத்துப் பார்த்தாள். கை மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தது.