வைக்கோல் ஏற்ற ஒரு பழைய வண்டி

அண்ணனின் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, அண்ணி முதன்முதலாக என்னிடம் வாய் திறந்தது ஒரு வண்டியைப் பற்றிப் பேசத்தான்.

"ஆள் மேல ஏறாம லோடு ஏத்துற வண்டி இருக்குதாமே தம்பி. அத விசாரி. அது வந்தப்புறம்தான் நம்ம களத்துல இனிமே லாரி நிக்கணும்."

எங்கள் நிலம் நைனார்பாளையம் பக்கத்தில் இருக்கிறது. பயிரை நான் பார்த்துக்கொள்வேன். வைக்கோல் வியாபாரம் அண்ணனுடையது. அறுவடை முடிந்த வயல்களில் மிஷின் சுருட்டிப் போடும் வைக்கோல் உருளைகளை வாங்கிக் களத்தில் அடுக்கி வைத்து, சேலம் பக்கத்து மாட்டுப் பண்ணைகளுக்கு லாரியில் அனுப்புவார். முதலாளியாகக் கீழே நின்று வேலை வாங்கத் தெரியாதவர். லோடு ஏற்றும்போது உச்சியில் நிற்பது எப்போதும் அவர்தான். தை மாதம் அப்படி நின்றிருந்தவர், கீழிருந்து வந்த உருளையைப் பிடிக்க ஒரு அடி பின்னால் வைத்தார். களத்துக்கு மேலே போன கரண்ட் கம்பி முதுகில் பட்டுவிட்டது.

கீழிருந்து கவைக்கோலால் அந்த உருளையை நீட்டியவர் எங்கள் மேஸ்திரி. லோடு ஏற்றும் ஆட்களைக் கூட்டி வருபவர். அண்ணனும் அவரும் இளவயதிலிருந்தே ஒன்றாக லாரி ஏற்றியவர்கள். அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வண்டி பார்க்கப் போகிறோம் என்று ஆள் அனுப்பியதும் வந்து வாசலில் நின்றார்.

"நீங்களும் கூட வரணும் மேஸ்திரி. எங்களுக்கு இன்னா தெரியும்?" என்றார் அண்ணி.

அந்த வண்டி வந்தால் தன் ஆட்களுக்கு வேலை இருக்காது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் சரி என்று தலையை ஆட்டினார்.

முதல் வண்டியைச் சின்னசேலத்தில் பார்த்தோம். டிராக்டர் போன்ற உடம்பு. பின்பக்கத்திலிருந்து முன்னால் நீளும் ஒற்றைக் கை. ரேடியோ ஏரியலை இழுப்பதுபோல அது ஒன்றுக்குள் ஒன்றாக நீண்டுகொண்டே போகும். நுனியில் இரண்டு இரும்புக் கொம்புகள். மஞ்சள் பெயின்ட் புதிதாகப் பளபளத்தது. புரோக்கர் ஏதோ இங்கிலீஷ் பேர் சொன்னார். நாங்கள் அதை நீட்டுக்கை வண்டி என்றே சொல்லிக்கொண்டோம்.

"கட்டட வேலையில செங்கல் தூக்கினு இருந்த வண்டிங்க. ஜாஸ்தி ஓடல. வைக்கோல்லாம் இதுக்குப் பஞ்சு மாதிரி" என்றார் புரோக்கர்.

கூட வந்த மெக்கானிக் ஒரு சிமென்ட் கட்டையைத் தூக்கச் சொல்லி, கையை நீட்டிப் பாதி உயரத்தில் நிறுத்தி இஞ்சினை அணைத்தார். உள்கை வெளியே வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோடு உள்ளே போயிருந்தது. கட்டையும் நன்றாகத் தாழ்ந்திருந்தது.

"உள்ளார ஆயில் நிக்கல. பாரத்தோட தானா எறங்குது" என்றார் மெக்கானிக்.

அண்ணி அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடியில ஆள் நின்னா?"

மெக்கானிக் அந்த இரும்புக் கையின் அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டினார். புதுப் பெயின்ட் உரிந்து, விரிசலை ஒட்டவைத்த வெல்டிங் தழும்பு தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது வண்டி திருநாவலூர் பக்கம் ஒரு தோப்பில் நின்றிருந்தது. பெயின்ட் போய்த் துருவேறிப் பார்க்கவே பிடிக்காத வண்டி. சீட்டு கிழிந்து கிடந்தது. ஆனால் கோடு போட்ட இடத்திலேயே நின்றது. கையை முழுக்க நீட்டிப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தோம். ஆட்டம் கம்மிதான். பின் சக்கரமும் கை மூட்டில் தேய்ந்த புஷ்ஷும் மாற்றினால் போதும் என்றார் மெக்கானிக். எனக்குத் திருப்தியாக இருந்தது.

மேஸ்திரி மட்டும் அண்ணாந்து கையின் நுனியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னா மேஸ்திரி?" என்றேன்.

"நம்ம களத்துக் கம்பிய விட ஒசரமா போவுது தம்பி."

ஆள் ஏறக் கூடாது என்றுதான் வண்டி தேடி வந்தோம். அந்த வண்டியின் இரும்புக் கையே கம்பியைத் தொட்டுவிடும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணி தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"வண்டி இதுவே இருக்கட்டும். களத்த மாத்திக்கலாம்."

"எங்க மாத்துறது அண்ணி?"

"மேக்கால கொல்லைல கம்பி இல்லல்ல?"

மேற்குக் கொல்லையில் அண்ணன் வைத்த எலுமிச்சைச் செடிகள் அப்போதுதான் பூவெடுத்திருந்தன. இருந்தவரை தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவற்றை வெட்டித்தான் களம் அமைத்தோம். வெட்டிய அன்று அண்ணி வெளியே வரவில்லை. வீட்டுக்குள் வரைக்கும் எலுமிச்சை இலை வாசம் வந்தது.

உருளைகளைத் தரையிலேயே சேர்த்துக் கட்டி, கட்டோடு தூக்கி வைத்துவிட்டால் மேலே அடுக்க ஆள் வேண்டாம் என்று யோசனை சொன்னவர் மேஸ்திரிதான். முதல் லோடு அப்படியே ஏறியது. லாரிமேல் யாரும் இல்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, லாரி டிரைவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கட்ட ஏறினார்.

"எறங்கு! எறங்கு!" என்று அண்ணி கத்தினார். அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"கம்பிதான் இல்லியேக்கா. கயிறு கட்டாம எப்படிப் போறது?" என்றார் டிரைவர்.

மேஸ்திரி கயிற்றை வாங்கி, நுனியில் கல்லைக் கட்டிக் கீழிருந்தே லாரிக்கு அந்தப் பக்கம் வீசினார். நானும் அவரும் இரண்டு பக்கமும் நின்று இழுத்துக் கட்டினோம். இன்றைக்கும் எங்கள் களத்தில் அப்படித்தான். டிரைவர்கள் முணுமுணுப்பார்கள். அண்ணி கேட்டுக்கொள்ளமாட்டார்.

தரையில் கட்டுக் கட்டுவதற்கு மூன்று பேர் போதும். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கும் கரும்பு வெட்டவும் போய்விட்டார்கள். வண்டியை நீங்களே ஓட்டுங்கள் என்று அண்ணி மேஸ்திரியைக் கேட்டார்.

"வாணாம்மா. என்ன நம்பி வந்த பசங்கள அனுப்பிட்டு நான் சீட்டுல ஒக்காந்தா நல்லா இருக்காது." பிறகு சொன்னார்: "அதுவுமில்லாம, தூக்கி வெக்கும்போதெல்லாம் மேல அவரு நிக்கிற மாதிரியே இருக்குதும்மா. ரெண்டு கையும் நீட்டினு."

அண்ணி அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

ஆடி பிறப்பதற்குமுன் அவரும் அவர் மனைவியும் கேரளத்தில் ஒரு தோட்ட வேலைக்குக் கிளம்பினார்கள். வழியனுப்ப நானும் அண்ணியும் சின்னசேலம் பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். அண்ணி அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேலம் பஸ் வந்தது. மேஸ்திரி மூட்டையை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினார்.

"வரேம்மா. வரேன் தம்பி."

"பொங்கலுக்கு வந்துடுங்க மேஸ்திரி" என்றார் அண்ணி.

அவர் சரி என்றார். ஆனால் பொங்கலுக்கு அவர்கள் வரவில்லை.