கயிறு பிடித்த மச்சான்

எழுபதுகளில் தூத்துக்குடிப் பள்ளி ஒன்றில் சரித்திர டீச்சராக இருந்தேன். ஊர்க் கண்காட்சியில் முத்துக்குளிப்பைப் பற்றி ஓர் அரங்கு போடும் வேலை என் தலையில் விழுந்தது. நானோ சாத்தான்குளத்துக்காரி, முழங்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை.

திரேஸ்புரத்தில் முத்துக்குளித்த ஒருவர் வீட்டுக்குப் போய், முங்கும்போது காலில் மாட்டும் கல்லையும் கயிற்றையும் இரவல் கேட்டேன்.

“தாரேன் டீச்சர். கயிறு பிடிச்சது எந்தம்பின்னு எழுதிப் போடணும்” என்றார் அவர் மனைவி.

முங்குகிறவர் உயிர் மேலே கயிறு பிடிப்பவர் கையில். அக்காள் தாலிக்குக் கேடு நினைக்கமாட்டான் என்று, பெண்டாட்டியின் தம்பியைத்தான் அதற்கு வைப்பார்களாம். சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு மச்சான்களுக்கும் ஆறு மாதமாகப் பேச்சு இல்லை. ஏதோ கல்யாணப் பந்தியில் முந்தி உட்கார்ந்தது யார் என்ற தகராறு.

கண்காட்சிக்கு இருவரும் வந்தார்கள். மேசைக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ‘கயிறு பிடிப்பவர்: உதவியாளர்’ என்று நான் எழுதி வைத்திருந்த அட்டையைப் படித்துவிட்டுத் தம்பி கொதித்தார்.

“உதவியாளரா? யாரு டீச்சர் அது?”

அதற்குள் பார்க்க வந்த ஓர் அதிகாரி, “எப்படி இழுப்பீங்க, செஞ்சு காட்டுங்க” என்றார். முத்துக்குளிப்பவர் கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தம்பி பக்கம் போட்டுவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தார். கயிறு ஆடியது; ‘மேலே இழு’ என்று அர்த்தம். தம்பி மின்விசிறியைப் பார்த்தார். மறுபடி ஆடியது.

“டீச்சர், கீழ மூச்சு முட்டுதுன்னு அங்கன சொல்லுங்க!”

நான் சொன்னேன். தம்பி அசையவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து அக்காள் குரல் வந்தது: “ஏலே, இழுல! உள்ள கெடக்கது எம் மாப்பிள்ளை!”

இழுத்தார் பாருங்கள். மேசை சாய்ந்தது, சிப்பித் தட்டு கவிழ்ந்தது, குளிப்பவர் மேசைவிரிப்பைத் தலையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்து விழுந்தார்.

“இப்பிடியால இழுப்ப?”

“ஆறு மாசத்துக்கும் சேத்து இழுத்தேன் மச்சான்.”

கூட்டம் கைதட்டியது. நான் குனிந்து சிப்பி பொறுக்கினேன். சிரித்த சிரிப்பில் பொறுக்கியதில் பாதி மறுபடி சிதறியது.

அன்று சாயங்காலமே அட்டையில் ‘உதவியாளர்’ என்பதை அடித்து ‘மச்சான்’ என்று எழுதினேன். மறுநாளிலிருந்து ஜனங்கள், “இழுப்பு எத்தனை மணிக்கு?” என்று கேட்டு வந்தார்கள். இருவரும் சலிக்காமல் இழுத்துக் காட்டினார்கள், நடுநடுவே வாய்ச்சண்டையோடு. மூன்று வாரம் கண்விழித்து நான் வரைந்த கடல் படத்தை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் நாலு மணி ஆனால் முதல் வரிசையில் நானும் போய் நின்றுகொள்வேன்.