நுனிச் சீப்பு

நம் வீட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கும் சான்றிதழின் மூலையில் பழுப்பாக ஒரு பெருவிரல் ரேகை இருக்கும். அது வாழைக்கறை. அந்தச் சான்றிதழ் வந்த கதையை நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வருவதாகக் கேள்விப்பட்டேன். சின்னவன் கதையில் நான் ஒரு ஃபேக்டரிக்காரரோடு சண்டை போட்டு ஜெயிக்கிறேனாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததை எழுதிவைத்து விடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பிறகு வாழைதான். ஸ்ரீவைகுண்டத்து வடகால் வாய்க்கால் தண்ணீரில் வாழை போடும் பதினான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம் அல்லவா, அந்தக் குழுவுக்குக் காயைத் தரம் பிரித்துக் கட்ட ஒரு கொட்டகையும், பழுக்க வைக்க ஒரு அறையும் அரசாங்கத்தில் கட்டிக் கொடுத்தார்கள். கட்டி முடித்த கையோடு பூட்டும் போட்டார்கள். தோட்டக்கலை மேலாண்மை படித்துச் சான்றிதழ் வாங்கிய ஒருவர் பொறுப்பெடுத்தால்தான் சாவி தருவோம் என்றார்கள். பதினான்கு வீட்டிலும் படித்த பிள்ளைகள் உண்டு. ஆனால் ஒருவரும் ஊரில் இல்லை. கூட்டத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையில் பேப்பரை உரக்க வாசிக்கிறவன் நான்தானே.

“பேப்பர் வாசிக்கவன் பாடம் வாசிக்க மாட்டானாக்கும்?” என்று அங்கேயே முடித்துவிட்டார்கள்.

ஆறு மாதம், சனியும் ஞாயிறும் பாளையங்கோட்டையில் வகுப்பு. கறை படாத சட்டை என்னிடம் ஒன்றே ஒன்று, கல்யாண வீட்டுச் சட்டை. எல்லா வாரமும் அதையே போட்டுக்கொண்டு போனதால், பஸ் கண்டக்டர் “இன்னிக்கு யார் வீட்டுக் கல்யாணம் அண்ணாச்சி?” என்று கேட்காமல் டிக்கெட் கிழிக்க மாட்டார். வீட்டுக்கு வந்தால் நீங்கள் இருவரும் விட்டீர்களா?

“எப்பா, ஹோம்வொர்க் முடிச்சாச்சா?”

“முடிக்காதவுகளுக்கு டிவி கிடையாதாம். அம்மா சொல்லுதா.”

உங்கள் அம்மா சொல்லவே இல்லை. அது எனக்குத் தெரியும்.

வாழை வளர்க்கச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துத்தான் முதல் நாள் போனேன். ஆசிரியை என்னைவிடப் பத்து வயது இளையவர். வந்து நின்றதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீங்க வெளைய வைக்கிற பழத்தைக் கடைசியில சாப்பிடுறது யாரு?”

என் பக்கத்தில் புளியங்குடியிலிருந்து வந்த எலுமிச்சைத் தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பெரியவர். “ஜனங்கதான் மேடம். மாடா திங்கும்?” என்றார். வகுப்பே சிரித்தது.

“எந்த ஜனங்க? எந்த ஊரு? எப்பச் சாப்பிடுதாங்க?”

சிரிப்பு நின்றுவிட்டது. மண்டிக்காரர் வாழைத்தாரை வண்டியில் ஏற்றுவதுவரைதான் எனக்குத் தெரியும். பெண்ணைக் கட்டிக்கொடுத்து, மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்காமல் வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆசிரியை முதல் வரியைச் சொன்னார், எழுதிக்கொண்டோம்: விற்பதற்கு முன் வாங்குகிறவரைக் கேள். அதன் கீழே சிவப்பு மையில் கோடு வேறு போட்டேன்.

பிறகு தரம் பிரிப்பது, கட்டுவது, எத்தனை குளிரில் எத்தனை நாள் தாங்கும், ஒப்பந்தம் எப்படி எழுதுவது என்று பாடங்கள் போயின. கடைசி மாதம் ஒரு வேலை கொடுத்தார்கள். மண்டி வழியாக இல்லாமல், புதிதாக ஒருவரைத் தேடிப் பிடித்து நம் விளைச்சலைக் கொடுக்க வேண்டும். அதைச் சாப்பிடுகிறவரைக் கண்ணால் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இது முடியாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் சாவி இல்லை.

பழக்கடை, விடுதி என்று இரண்டு வாரம் அலைந்தேன். எல்லோருக்கும் ஏற்கனவே ஆள் இருந்தது. டீக்கடைக்குப் போனால், “என்னவே, சாவி வந்துட்டா, இல்ல பூட்ட ஒடைக்கணுமா?” என்பார்கள். பேப்பர் வாசிப்பதையே நிறுத்திவிட்டேன்.

கடைசியில் எலுமிச்சைக்காரர்தான் வழி சொன்னார். “கங்கைகொண்டான்ல ஒரு ஃபேக்டரி கேண்டீன்ல எம் மச்சினன் மகன் வேலை பாக்கான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பழம் வேணுமாம். ஒரு டிரே மாதிரிக்குக் கொண்டு போம்வே.”

வீட்டில் புகைமூட்டம் போட்டு ரஸ்தாளித் தார் இரண்டைப் பழுக்க வைத்தேன். ஒரு தாரில் மேலே இருக்கும் சீப்புகளில் பழம் தடிதடியாக இருக்கும். கீழே போகப் போகச் சிறுத்து, நுனிச் சீப்பில் பிள்ளைக் கை அளவுக்கு வந்துவிடும். நுனிச் சீப்பைக் கண்டால் மண்டிக்காரர் உதட்டைப் பிதுக்குவார். அதனால்தான் உங்களுக்கு எப்போதும் அந்தப் பழம். “பெரிய பழம் நம்ம வீட்டுல காய்க்கவே காய்க்காதா?” என்று பெரியவள் கேட்டிருக்கிறாள்.

டிரேயில் அடுக்கும்போது என் கை பழைய பழக்கத்தில் போயிற்று. நுனிச் சீப்பெல்லாம் அடியில், தலைச் சீப்பு மேலே. எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்த வித்தை இது.

உங்கள் அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். “ஆறு மாசமா இதத்தான் சொல்லித் தந்தாவளா?”

“தரம் பிரிச்சிருக்கேன். பெரிசு மேல, சிறிசு கீழ.”

“நல்லாப் பிரிச்சிய.”

கேண்டீன் பொறுப்பாளர் தலையில் வலைத்தொப்பியோடு வந்தார். மேலே இருந்த பழத்தை அவர் பார்க்கக்கூட இல்லை. டிரேயைத் தூக்கி, பெரிய மேசையில் அப்படியே மெதுவாகக் கவிழ்த்தார். நான் ஒளித்ததெல்லாம் ஊரறிய மேலே வந்து படுத்துக்கொண்டது.

“கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. எதையும் கவுத்துத்தான் பாப்பேன். தக்காளிக்காரன் பழக்கிவிட்ட பழக்கம்.”

பதினான்கு வீட்டுக்காரர்களும் டீக்கடை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்ப்பது போலிருந்தது. அவர் ஒரு நுனிச்சீப்பை எடுத்தார். திருப்பினார். ஒரு பழத்தை உரித்து இரண்டே கடியில் தின்றார்.

“இதத்தான் நாலு மாசமா தேடுதேன்!”

“சார், பெரிசு...”

“பெரிச வச்சு நான் என்ன செய்ய? இங்கன வாங்க.” கை கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போய் முந்தின நாள் வாளியைக் காட்டினார். பாதி பாதியாக வாழைப்பழம். “வயிறு நெறையச் சோறு தின்னுட்டு வாராங்க. இம்புட்டுப் பெரிய பழம் எங்க போவும்? நானும் சிறிசு வேணும்னு சொல்லிப் பாத்துட்டேன். எல்லாரும் என்னைய ஏமாத்தப் பாக்கேன்னு நெனச்சு இன்னும் பெரிசாக் கொண்டாராங்க.” என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஆமா, நல்ல பழத்த ஏன் அடியில ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

“பெரிசுக்கு மெத்த மாதிரி இருக்கட்டும்னு...”

“பழத்துக்குப் பழமே மெத்தையா?”

அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் நோட்டை எடுத்தேன். என்ன அளவு வேண்டும், எவ்வளவு பழுத்திருக்க வேண்டும், வாரத்தில் எந்தெந்த நாள் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். சிவப்புக் கோடு போட்ட முதல் வரி அதே நோட்டில்தான் இருந்தது.

சாப்பாட்டு நேரம் முடியும்வரை ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேட்டேன். நுனிச்சீப்பை மட்டும் பிரித்து எடுத்து வைத்தார்கள். வந்தார்கள், உரித்தார்கள், இரண்டு கடி, தோலை வாளியில் போட்டுவிட்டுப் போனார்கள். அன்று வாளியில் வெறும் தோல்தான். ஒரு பெண் மட்டும் பழத்தை உரிக்காமல் பையில் வைத்தார்.

“பிடிக்கலையாம்மா?”

“பிடிக்கும் அண்ணாச்சி. வீட்டுல மகன் ஒண்ணாப்பு படிக்கான். அவன் கைக்கு இது சரியா இருக்கும்.”

இருபது வருடமாக வாழைக்குக் கம்பு ஊன்றிக் கட்டியிருக்கிறேன். என் பழம் போய்ச் சேரும் வீட்டைப் பற்றி ஒருவர் எனக்குச் சொன்னது அன்றுதான்.

எழுத உட்கார்ந்தபோது உங்கள் அம்மா வந்தாள். “அடியில ஒளிச்சதெல்லாம் எழுதிறாதீங்க. சாவி போயிரும்.” எனக்கும் அந்தப் பயம் இருந்தது. நான் தோற்றால் கொட்டகை இன்னும் ஒரு வருடம் பூட்டியே கிடக்கும். அதை விட்டுவிட்டு இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். ஆனால் நான் ஒளிக்காமல் இருந்தால் அந்த நுனிச்சீப்பு டிரேக்குள் வந்தே இருக்காதே! அதைச் சொல்லாமல் விட்டால் கதை நொண்டியது. இரண்டையும் கிழித்துப்போட்டு, நடந்தபடி எழுதினேன்.

ஆசிரியை நின்றபடியே வாசித்தார். மெத்தை வந்த இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

“முதல் வரிய எப்ப எழுதுனீங்க?”

“முதல் நாள், மேடம்.”

“எப்பப் படிச்சீங்க?”

“போன வாரம், மேடம்.”

“படிச்சீங்கல்லா, அது போதும்” என்று கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழ் வாங்கப்போன அன்று காலையில் தார் வெட்டிவிட்டு அவசரமாகக் கிளம்பினேன். சட்டையைக் காப்பாற்றினேன், பெருவிரலைக் கவனிக்கவில்லை. அந்த ரேகை அப்படி வந்ததுதான்.

இப்போது கொட்டகை திறந்திருக்கிறது. பதினான்கு வீட்டு நுனிச்சீப்பையும், டிரேயின் அடியிலும் மேலேயும் ஒரே அளவாக இருக்கும்படி அடுக்கிக் கங்கைகொண்டானுக்கு அனுப்புகிறோம். தடித்த பழம் மண்டிக்கும் கோவிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகிறது. நம் வீட்டுக்கு நுனிச்சீப்பு மிஞ்சுவதில்லை. பெரியவள் ஆசைப்பட்டபடி தலைச்சீப்புதான் வருகிறது.

நேற்று ஃப்ரிட்ஜுக்கு மேலே பார்த்தேன். பாதி தின்று, தோலை மூடிவைத்த பழம் இரண்டு இருந்தது. கேட்டால் இருவரும் நான் இல்லை என்பீர்கள். பழத்தைக் கடைசியில் சாப்பிட்டது யார் என்று கண்டுபிடிக்கத்தான் நான் சான்றிதழே வாங்கியிருக்கிறேன் என்பதை மறந்துவிட வேண்டாம்.