ஸஹனுக்கு ஆறு பேர்

கனடாவின் வோபர்ன் கடைத்தெருவில் நிஸ்தாருக்குக் 'கோச்' என்றுதான் பெயர். மீன் வெட்டுகிறவர்கூட, "கோச், தலையையும் போடவா?" என்று கேட்பார். என்ன விளையாட்டுக்குக் கோச் என்றால் மட்டும் பாதிப்பேர் உதைபந்தாட்டம் என்பார்கள். அவரும் திருத்தித் திருத்தி அலுத்துப்போனார்.

அவருடையது, கனடாக்காரர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்லும், முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தலைக்கவசம் போட்ட தடியன்களுக்குள் புகுந்து ஓடும் ஆட்டம். கண்டியில் பள்ளிக்கூடக் காலம் முழுக்க ரக்பி ஆடிய மனுசன், 1989இல் கனடா வந்து, ஒரு சின்னக் கல்லூரியில் மைதானத்துக்குக் கோடு போடும் வேலையில் சேர்ந்தார். கோட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தாரா? ஓரத்தில் நின்று கத்துவார். பழைய கோச் கோபித்துக்கொண்டு போன வருடம், வேறு ஆள் அகப்படாமல், கத்துகிறவரையே கோச்சாக்கினார்கள். கோடு போடும் வேலையும் அவர் தலையிலேயே கிடந்தது.

கோச் வேலை அவருக்கு உயிர். அணிதான் மூன்று வருடமாக ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. ரக்பிப் பழக்கத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: பிடிபடப் போகிறாயா, கூட ஓடி வருகிறவனுக்குப் பந்தைப் பின்னால் எறி. சட்டம் அதற்கு இடம் கொடுத்தது, பையன்கள்தான் கொடுக்கவில்லை. டெல்ராய் கையில் பந்து கிடைத்தால் பெற்ற தாய் கேட்டாலும் தரமாட்டான். பிக்கரிங்கிலிருந்து வரும் கைலுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

1994 அக்டோபரில் கல்லூரி அதிபர் கூப்பிட்டார். சனிக்கிழமை நடக்கும் கடைசி ஆட்டத்திலும் தோற்றால் அணியைக் கலைத்துவிடப் போவதாகச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த நிஸ்தார் தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை.

"கவலப்பட்டு என்ன செய்ய?" என்றாள் மனைவி ஸில்மியா. "வெள்ளிக்கிழம பகலைக்குப் புள்ளைகளுக்கு நல்லா ஒரு சாப்பாடு குடுப்போம்."

வெள்ளி மத்தியானம், சினேகிதர் செல்வரட்ணத்தின் வான் வண்டியில் புரியாணி வந்து இறங்கியது. சட்டியைத் திறந்த பிறகுதான் பிளேட் ஒன்றுகூட இல்லை என்பது தெரிந்தது. ஸில்மியா கலியாண வீட்டுக்கு அடுக்குவதுபோல ஐந்து ஸஹன்களை, அந்த அகலமான பெரிய தட்டுகளை மட்டும், ஏற்றியிருந்தாள்.

"பிளேட் எங்க ஸில்மியா?"

"ஸஹன் ஈக்குதே. ஆறு பேருக்கு ஒண்டு. முப்பது புள்ளைக்குக் கணக்குச் சரி."

செல்வரட்ணம் தலையைச் சொறிந்தார். "உவங்கள் ஒரு தட்டில சாப்பிடுவாங்களோ, நிஸ்தார்?"

"சாப்பிடாட்டிப் பசியோட போகட்டும்!" என்று நிஸ்தார் சீறினார்.

உடற்பயிற்சி மண்டபத்துத் தரையில் பாய் விரித்து, ஸஹனைச் சுற்றி ஆறு ஆறு பேராக உட்காரவைத்தார். ஆறு பேரும் சேரும்வரை ஒருவரும் கைவைக்கக் கூடாது. எல்லாரும் முடிக்கும்வரை எழும்பவும் கூடாது. டெல்ராயையும் கைலையும் வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் போட்டார். கைல் அள்ளிய சோறு வாய்க்குப் போகாமல் மடியில் கொட்டியது. டெல்ராய் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு விரல்களைக் குவித்து எப்படி அள்ளுவது என்று காட்டினான். நடுவில் கிடந்த கோழிக்கால் ஒன்றை அவன் பக்கம் தள்ளியும் விட்டான். நிஸ்தார் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். உள்ளுக்குள் அவருக்குக் கொள்ளைச் சந்தோசம்.

சனிக்கிழமை, கடைசி நிமிடம். நான்கு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். டெல்ராய் பந்தோடு ஓட, மூன்று தடியன்கள் அவன்மேல் பாய்ந்தார்கள்.

"குடுடா! குடு!" நிஸ்தார் தமிழிலேயே கத்தினார். யாருக்கு விளங்கும்?

டெல்ராய் விழுந்துகொண்டே பந்தைப் பின்னால் எறிந்தான். கைல் அதைப் பிடித்தான், எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடினான். ஆறு புள்ளி, வெற்றி! காலையில் நிஸ்தார் தன் கையால் போட்ட கோடு அது.

தோற்றாலும் வயிறு பசிக்கும்தானே என்று ஸில்மியா அன்றைக்கும் சமைத்திருந்தாள். கால் பிசகிய ஒருவன் டாக்டரிடம் போய்விட்டதால், டெல்ராயின் ஸஹனில் ஐந்து பேர்தான். பசியில் துடித்தும் ஒருவனும் சோற்றைத் தொடவில்லை. அணியைக் கலைக்க முன்கூட்டியே எழுதிய கடிதத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு அதிபர் வாசலில் நின்றார். டெல்ராய் அவரைப் பார்த்துப் பாயைத் தட்டினான்.

அதிபர் கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு சம்மணம் கட்டி உட்கார்ந்தார். முதல் கவளத்தை விழுங்கிவிட்டு, "கோச், அடுத்த வருட ஆட்ட அட்டவணையை எப்போது தருவீர்கள்?" என்று கேட்டார்.

ஊரெல்லாம் கேட்கக் கத்துகிற நிஸ்தார் குனிந்து, ஸஹன் நடுவில் கிடந்த பெரிய கோழித்துண்டை அதிபர் பக்கம் தள்ளிவிட்டார்.