ஜீப்பில் மட்டும் பால் குடித்த பிள்ளை

என் மகள் பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள் என்னிடம் பால் குடிப்பதை நிறுத்திவிட்டாள். நெஞ்சோடு அணைத்தால் போதும், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முதுகை வில்லாக வளைத்து வீடே அதிரக் கத்துவாள். பசி இல்லை என்று சொல்ல முடியாது. தன் கையைச் சூப்புவாள், அம்மா தூக்கினால் அம்மாவின் தோளைச் சூப்புவாள். என்னிடம் வந்தால் மட்டும்தான் இந்த ஆர்ப்பாட்டம். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எனக்குத் தோன்றிய காரணம் ஒன்றுதான். இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை பெற்ற பிறகு இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள்.

எங்கள் வீடு புதூர்நாட்டிலிருந்து இன்னும் உள்ளே தள்ளிய மலைக்கிராமத்தில் இருக்கிறது. அம்மாவும் அண்ணனும் மட்டும்தான். அம்மா சாமை, புளி என்று நிலத்தோடு மல்லுக்கட்டுகிறவள். அண்ணன் மலைக்கும் திருப்பத்தூருக்கும் ஜீப் ஓட்டுகிறவன். என் வீட்டுக்காரர் ஆலங்காயத்துக்காரர், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். கீழே ஆஸ்பத்திரியில் பிரசவம் முடிந்து நான் தாய்வீட்டுக்கு வந்தபோது பாப்பா நன்றாகத்தான் குடித்துக்கொண்டிருந்தாள். மூக்கால் முட்டி முட்டித் தேடி அவள் குடிக்கிற அவசரத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வரும்.

வில்லங்கம் சாம்பிராணியில் தொடங்கியது. குழந்தை இருக்கிற இடத்தில் புகை கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை என் வீட்டுக்காரர் அப்படியே பிடித்துக்கொண்டார். தினமும் போன் செய்து, "புகை போடலியே?" என்று கேட்பார். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு புள்ளைய இந்தக் கையாலதான் பொக காட்டி வளத்தேன். ரெண்டும் மூச்சு வுட்டுகினுதானே கீது?" என்றாள் அம்மா. "சாம்பிராணி போடாம ஈரத் தல எப்பிடிக் காயும்? புள்ளைக்குச் சளி புடிச்சா அவுரா வந்து பாப்பாரு?"

மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழித்தேன். அதற்குத் தீர்வாக அவர் வாங்கி அனுப்பியதுதான் அந்த வாசனை மிஷின். பார்சல்காரர்கள் மலை ஏற மாட்டார்கள், அதனால் அண்ணன்தான் கீழேயிருந்து வாங்கி வந்தான். சின்னச் சொம்பு மாதிரி வெள்ளை பிளாஸ்டிக். தண்ணீர் ஊற்றி, கூடவே வந்த தைலத்தில் நாலு சொட்டு விட்டு, போன் சார்ஜரில் செருகினால் மூக்கிலிருந்து புகை மாதிரி ஒன்று வரும். நடுவில் விளக்கு வேறு, பச்சை, நீலம், ஊதா என்று மாறும். லாவெண்டர், நீலகிரித் தைலம், எலுமிச்சைப் புல் என்று தைலம் மூன்று பாட்டில்.

அம்மா பக்கத்தில் போய்க் கையை நீட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, சில்லுனு கீது? நெருப்பே இல்லாம எப்பிடிப் பொகையுது?"

"பொகை இல்லம்மா. தண்ணிதான்."

"தண்ணி கீழதான போவும்? இது மேல போவுதே."

எனக்கும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டினேன். மறுநாள் பாப்பாவைக் குளிப்பாட்டிய கையோடு, சாம்பிராணிக்குக் கவிழ்க்கிற மூங்கில் கூடையை அம்மா மிஷின்மேல் கவிழ்த்து, பாப்பாவின் தலையை அதன்மேல் பிடித்தாள். வெகுநேரம் பிடித்திருந்தாள். கடைசியில் தடவிப் பார்த்தால் தலை முன்னைவிட ஈரமாக இருந்தது. "ஒன் வூட்டுக்காரரு நல்லாத்தான் வாங்கிக் குடுத்தாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே முந்தானையால் துவட்டினாள். ஆனாலும் மருமகன் வாங்கிக் கொடுத்ததாயிற்றே, மறுபேச்சு இல்லாமல் மிஷின் அறைக்குள் ஓட ஆரம்பித்தது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. பிள்ளை பெற்றவள் அறையின் நாற்றம் பிள்ளை பெற்றவளுக்குத்தான் தெரியும். காலையும் மாலையும் பூண்டுக் குழம்பு, நைட்டியில் காய்ந்த பால், அம்மா உடம்பெல்லாம் தேய்த்த எண்ணெய். மலையில் பங்குனி மாதம் விடியற்காலையில் போர்த்திக்கொள்ளச் சொல்லும், மத்தியானம் வேர்த்துக் கொட்டும். வாசலில் புளி உலுக்கிக் கொட்டிய குவியலின் புளிப்பு வேறு. என் மேல் எனக்கே குமட்டியது. அதனால் மிஷினோடு நிற்காமல் லாவெண்டரைத் தலையணையிலும் நைட்டிக் கழுத்திலும் கொஞ்சம் தொட்டு வைத்துக்கொண்டேன். ஓசூரில் மால் ஒன்றுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். நாங்கள் மூன்று பேரும் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி நின்றோம். மிஷின் வந்ததற்கும் பாப்பா முகம் திருப்பியதற்கும் முடிச்சுப் போட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குள் வந்த நல்ல பொருளை யார் சந்தேகப்படுவார்கள்?

அம்மா முதலில் கண் பட்டது என்றாள். சுற்றிப் போட்டோம். பிறகு உரம் விழுந்திருக்கிறது என்றாள். தூக்கும்போது பிள்ளைக்கு எங்கோ பிசகிக்கொண்டால் இப்படித்தான் பால் குடிக்காதாம். பழைய சேலையில் பாப்பாவைப் படுக்கவைத்து, அண்ணன் ஒரு முனையும் அம்மா ஒரு முனையும் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டினார்கள். பாப்பா அந்த நேரம் மட்டும் சந்தோஷமாக இருந்தாள். நான் எதையோ தின்றுவிட்டேன் என்று அடுத்த சந்தேகம் வந்தது. என் தட்டிலிருந்து கத்திரிக்காய் போனது, பிறகு பருப்பும் போனது. வீட்டுக்காரர் மட்டும் போனில் தைரியம் சொன்னார்.

"இன்னாம்மா, புள்ள டென்ஷனா கீது போல. தைலத்த இன்னும் நாலு சொட்டு கூடப் போடு. ரிலாக்ஸ் ஆயிடுவா."

போட்டேன். பாப்பா கூடக் கொஞ்சம் கத்தினாள்.

பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊற்றிப் புகட்டினோம். பாதி வாயில் போகும், பாதி கழுத்தில் வழியும். கிராம நர்ஸம்மா வந்து எடை பார்த்தபோது குறைந்திருந்தது. "நாளைக்கும் இப்படியே இருந்தா கீழ கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாப்பாவும் அழுதாள். இரண்டு பேரும் எதற்காக அழுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் ஜீப்பை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். நைட்டியைக் கழற்றிப் போட்டு, கொடியில் கிடந்த அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு, குளிக்காமல்கூட அம்மாவோடு ஏறினேன். பின்னால் புளி மூட்டைகள், டீசல் நாற்றம், சந்தைக்குப் போகிற யாரோ ஒருவரின் ஆட்டுக்குட்டி. இரண்டாவது வளைவு தாண்டியிருக்க மாட்டோம், பாப்பா என் சேலைக்குள் முகத்தைப் புதைத்து முட்ட ஆரம்பித்தாள். பயந்துகொண்டே கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். அடிவாரம் வரும்வரை விடவே இல்லை.

"ண்ணா, குடிக்கிறா!" என்று கத்தினேன். அண்ணன் பிரேக் போட்டான். "நிறுத்தாதடா, ஓட்டு, ஓட்டு!" என்று அம்மா அவன் முதுகில் அடித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எதிரிலும் குடித்தாள். எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி ஒன்றுமில்லை, நன்றாகத்தானே குடிக்கிறாள், எதற்கு வந்தீர்கள் என்கிற மாதிரி பார்த்தார். எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று. வீட்டுக்கு வந்தோம். நைட்டிக்கு மாறி, அறையில் உட்கார்ந்து, மிஷினைப் போட்டுவிட்டுப் பாப்பாவை எடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் அண்ணனுக்கு அந்த ஞானோதயம் வந்தது. "பாப்பாவுக்கு ஜீப்தான் புடிச்சிகீது."

சிரிக்காதீர்கள். பசியால் கத்துகிற பிள்ளையைக் கையில் வைத்திருப்பவர்கள் எதையும் நம்புவார்கள். தெருவில் நிற்கிற ஜீப்பில் நைட்டியோடு உட்கார முடியாதே என்று அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். அண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்தான். பாப்பா குடித்தாள். அடுத்த வேளை டீசல் வீணாகிறதென்று ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தோம். அப்போதும் குடித்தாள். அன்றிலிருந்து வேளாவேளைக்கு நான் ஜீப்பில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். புளி மூட்டையோடு ஆட்கள் காத்திருக்க, அண்ணன் இரண்டு வேளைக்கு நடுவில் ஓட்டமாக ஒரு நடை போய் வருவான். ஊரே வேடிக்கை பார்த்தது. எங்கே பிரயாணம் என்று போகிற வருகிறவர்கள் கேலி செய்தார்கள். அண்ணனுக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. வண்டிக்குத் தனியாகப் பூச்சரம் கட்டினான்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் ஜீப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வெளில குடிக்குது. ஆஸ்பத்திரில குடிக்குது. நம்ம வூட்டுக்குள்ள மட்டும் குடிக்கல. இந்த வூடு புள்ளைக்கு ஆவல போலகீதும்மா. நீ ஓசூருக்கே போய்டு."

அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகள் முதல் பிரசவத்துக்கு வருவாள் என்று அந்த அறைக்கு அவளே சுண்ணாம்பு அடித்திருந்தாள். அதில் என்ன குறை என்று ஒவ்வொரு மூலையாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் போக மனமில்லை. ஓசூரில் பகலெல்லாம் தனியாக, இந்தப் பச்சை உடம்போடு, கத்துகிற பிள்ளையோடு என்ன செய்வேன்? ஆனால் வேறு பதிலும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகச் சொல்லி வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

கடைசியில் முடிச்சு அவிழ்ந்ததும் அண்ணனின் அதிகப்பிரசங்கித்தனத்தால்தான். ஊருக்குப் போகப் போகிற தங்கச்சிக்கு ஏதாவது செய்ய நினைத்தான் போல. மறுநாள் நான் ஜீப்பில் ஏறியபோது, வெயில் படாமல் பக்கத் தார்ப்பாய்களை இறக்கிவிட்டு, உள்ளே போன் சார்ஜரில் அந்த வாசனை மிஷினைச் செருகி வைத்திருந்தான். பாப்பாவுக்குப் பிடித்த ஜீப்பில் அப்பா வாங்கிக் கொடுத்த மிஷின். மூன்று தைலத்தையும் கலந்து விட்டிருந்தான், தாராள மனசு. விளக்கு ஊதா நிறத்தில் எரிந்தது.

பாப்பாவை அணைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினாள்.

"இன்னாம்மா ஆச்சு?" அண்ணன் ஓடிவந்தான். "என் வண்டியும் புடிக்காம பூட்ச்சா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். கைக்கு எட்டிய ஒயரைப் பிடுங்கி, மிஷினைத் தூக்கி வெளியே வீசினேன். அது புளிக் குவியலில் விழுந்து தண்ணீரைக் கக்கியது. தார்ப்பாயை விலக்கி இறங்கி, கத்துகிற பிள்ளையோடு வாசல் ஓரம் போய்த் தரையில் உட்கார்ந்தேன். நல்ல வெயில். கழுத்திலிருந்து வேர்வை ஓடியது. கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்றது. மூக்கு என் விலாவில் முட்டியது, பிறகு மேலே ஊர்ந்து தேடியது. குடிக்க ஆரம்பித்தாள். நான் புளியில் கிடந்த மிஷினைப் பார்த்தேன். அண்ணனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுவா?" என்றான்.

"தெரியலண்ணா" என்றேன்.

தெரியாமலேதான் மற்றதைச் செய்தோம். தலையணை, போர்வை, நைட்டி எல்லாவற்றையும் அம்மா வாரி வெளியே வெயிலில் போட்டாள். கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்தாள். குளிக்கிறேன் என்று கிளம்பிய என்னை, "இரு, புள்ள குடிச்சப்புறம் குளிப்ப" என்று தடுத்தாள். சாயந்திரம் அறைக்குள், அதே சுவரில் சாய்ந்து, வேர்வையும் பூண்டும் புளித்த பாலுமாக உட்கார்ந்து பாப்பாவை எடுத்தேன். அம்மா உள்ளே வரப் பயந்து வாசற்படியிலேயே நின்றாள். பாப்பா முகத்தை அப்படியும் இப்படியும் ஆட்டி, மூக்கை என் தோலில் அழுத்தி, பிடித்துக்கொண்டாள்.

"நம்ம வூட்லதான குடிக்கிறா?" என்று அம்மா நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"நம்ம வூட்லதாம்மா."

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த வீட்டுக்காரர் எங்களைக் கூட்டிப்போகவில்லை. தைலம் மட்டமான கம்பெனியாக இருக்கும் என்றார். நர்ஸம்மா, சில பிள்ளைகள் தானாகவே நிறுத்தும், தானாகவே பிடிக்கும், அதுவாகவும் இருக்கலாம் என்றார். அண்ணன் இன்றைக்கும் ஜீப்பைத்தான் சொல்கிறான். எது காரணமென்று அடித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தைலத்தின் மணம்தான் என் உடம்பின் வாசனையை மறைத்துவிட்டது என்று ஒருநாள் தோன்றும், மறுநாள் சந்தேகமாக இருக்கும். மறக்க முடியாதது வேறொன்று. பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நான் அழுத நாளெல்லாம், அவள் என்னைக் காணவில்லை என்று அழுதிருக்கிறாள். அவளைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.